உங்க சீட்டைக் கணினி எப்படிக் கண்டுபிடிச்சது?

இணையத்தில் ரொம்ப வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சீட்டு வித்தை இருக்கிறது. முதலில் மின்னஞ்சலில் வந்தது, பிறகு வலைப்பக்கமானது, இப்போது வாட்ஸாப்பில் வீடியோவாக வருகிறது. டேவிட் காப்பர்ஃபீல்டு பெயரை ஒட்டிக்கொண்டு வந்த பிரதிகளும் உண்டு. இப்போதெல்லாம் "ஏஐ உங்கள் மனதைப் படிக்கிறது" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். சரக்கு என்னவோ அதேதான்.

திரையில் ஆறு சீட்டு இருக்கும். மனசுக்குள் ஒன்றை நினைக்கச் சொல்வார்கள். அதைத் தொடவேண்டாம், தட்டச்சு செய்யவேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தினால் ஐந்து சீட்டைக் காட்டி, "நீங்கள் நினைத்ததை எடுத்துவிட்டேன்" என்று வரும். பார்த்தால் நிஜமாகவே நம்ம சீட்டு அங்கே இருக்காது!

விளக்கம் சொல்வதற்கு முன்னால் இங்கேயே ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம். படம் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், எழுத்திலும் ஓரளவு நடக்கும். கீழே உள்ள ஆறில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை மனசுக்குள் மூன்று தடவை சொல்லுங்கள்.

இஸ்பேடு ராஜா
டைமன் ஜாக்கி
ஆட்டின் ராணி
கிளாவர் ஜாக்கி
டைமன் ராஜா
கிளாவர் ராணி

ஆச்சா? நல்லா நினைவில் வச்சுக்கோங்க. மேலே திரும்பிப் பார்க்காமல் கொஞ்ச நேரம் வேறு விஷயம் பேசுவோம்.

இந்த வித்தை கணினிக்கு ரொம்ப முந்தியது. மேடை வித்தைக்காரர்கள் இதை "பிரின்சஸ்" சீட்டு வித்தை என்பார்கள். 1900களின் தொடக்கத்தில் ஹென்றி ஹார்டின் என்ற பெயரில் எழுதிய வித்தைக்காரர் உருவாக்கியது என்று குறிப்பிடுகிறார்கள். அவர் நாலைந்து சீட்டை விசிறி மாதிரி விரித்துக் காட்டுவார், பார்வையாளர் மனதுக்குள் ஒன்றை நினைப்பார், வித்தைக்காரர் ஒன்றை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மீதியைக் காட்டுவார். மேடையில் இதைச் செய்யக் கைப்பழக்கம் வேண்டும், தனியாகத் தயார் செய்த சீட்டுகளும் வேண்டும். கணினிக்கு அந்தச் சிரமம் எதுவும் இல்லை. இரண்டு படம் போதும்.

சரி. இப்போது உங்கள் சீட்டை எடுத்துவிட்டேன். மீதி ஐந்து இதோ:

ஆட்டின் ராஜா
இஸ்பேடு ஜாக்கி
டைமன் ராணி
கிளாவர் ராஜா
ஆட்டின் ஜாக்கி

உங்க சீட்டு இல்லைதானே?

சிலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். புரியாதவர்கள் இப்போது மேலே போய் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் சீட்டு மட்டும் காணாமல் போகவில்லை. ஆறுமே காணோம். முதல் பட்டியலில் இருந்த ஒரு சீட்டுகூட இரண்டாவதில் கிடையாது. நீங்கள் எதை நினைத்திருந்தாலும் அது போயிருக்கும்.

அவ்வளவுதான் வித்தை. ஆனால் "அட, இவ்வளவுதானா" என்று நகர்ந்துவிடுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். இது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில்தான் சுவாரசியம்.

ஒரு சீட்டுக்கட்டில் படச்சீட்டு மொத்தம் 12. நான்கு ராஜா, நான்கு ராணி, நான்கு ஜாக்கி. இதை ஆறு ஆறாக இரண்டு கூட்டமாகப் பிரிக்கவேண்டும். எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், ஆனால் மேலே நான் பிரித்ததைக் கவனியுங்கள். முதல் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் அதே நிறத்தில், அதே பதவியில் ஒரு ஜோடி இருக்கிறது. இஸ்பேடு ராஜா கறுப்பு என்றால் கிளாவர் ராஜாவும் கறுப்பு. டைமன் ஜாக்கி சிவப்பு, ஆட்டின் ஜாக்கியும் சிவப்பு. இப்படி ஒவ்வொன்றுக்கும் அதன் ஜோடியை எடுத்துத்தான் இரண்டாவது கூட்டத்தை உண்டாக்கினேன். அந்த ஆறில் ஒன்றை, இஸ்பேடு ராணியை, விட்டுவிட்டேன். மீதி ஐந்தின் வரிசையையும் கலைத்துவிட்டேன்.

அதனால் இரண்டாவது பட்டியலைப் பார்க்கும்போது மொத்தத் தோற்றம் மாறவே இல்லை. சிவப்பும் கறுப்பும் கலந்து ராஜா இரண்டு, ஜாக்கி இரண்டு, ராணி ஒன்று. முன்பு ஆறு இருந்தது, இப்போது ஐந்து, "ஒன்று குறைகிறது" என்ற சொல்லுக்கு எண்ணிக்கையும் சாட்சி சொல்கிறது. உண்மையில் ஆறு போய், புதிதாக ஐந்து வந்திருக்கிறது. கழித்தால் அதுவும் ஒன்றுதான்!

ஏன் படச்சீட்டு மட்டும்? மூன்று, ஏழு, ஒன்பது என்று எண் சீட்டு வைத்தால் எண்கள் தனித்தனியாகக் கண்ணில் படும். "முன்னாடி ஏழு இருந்ததே, இப்ப எட்டு எங்கேருந்து வந்துச்சு" என்று யாராவது கேட்டுவிடலாம். ராஜாவும் ஜாக்கியும் கிரீடம், அங்கி, தாடி என்று ஒரே குடும்பம் மாதிரி இருப்பார்கள். ரம்மி ஆடியே வயசானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நாலு ராஜாக்களில் மீசை இல்லாத ராஜா யார் என்று. வழக்கமான கட்டில் அது ஆட்டின் ராஜா. ஒரு கண் மட்டும் தெரிகிற ராஜா டைமன். ஆயிரம் தடவை கையில் பிடித்த சீட்டு, ஆனாலும் பெரும்பாலானவர்கள் கவனித்திருக்கமாட்டார்கள். ஆடுவதற்கு அது தேவைப்படவில்லை, அதனால் மனசில் பதியவும் இல்லை.

பக்கத்தை வடிவமைத்தவர்கள் இன்னும் சில வேலை செய்திருப்பார்கள். "சீட்டை உற்றுப் பாருங்கள், பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்" என்பது சும்மா சடங்கு என்று தோன்றும். அதுதான் வித்தையின் பாதி உயிர். ஒரு சீட்டை உற்றுப் பார்க்கிற நேரத்தில் மற்ற ஐந்தைப் பார்க்க முடியாது. பிறகு நடுவில் ஒரு திரை வரும், சுழலும் வட்டம், "உங்கள் எண்ண அலைகளைப் படிக்கிறோம்" என்று ஒரு வாசகம். இந்த நாலைந்து வினாடி இடைவெளி இல்லாமல் படத்தைச் சட்டென்று மாற்றினால் ஆறு சீட்டும் மாறுவது அசைவாகத் தெரிந்துவிடும். நடுவில் வெற்றுத் திரை வந்தால் அசைவு தெரியாது. நினைவை நம்பித்தான் ஒப்பிடவேண்டும். நம் நினைவில் அந்த நேரத்தில் ஒரே ஒரு சீட்டுதான் இருக்கிறது.

இதை உளவியலில் மாற்றக் குருட்டுத்தன்மை என்று சொல்லலாம். சைமன்ஸ், லெவின் இருவரும் 1998இல் வெளியிட்ட ஒரு சோதனை பிரசித்தம். கல்லூரி வளாகத்தில் ஒருவர் வழி கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஒரு பெரிய கதவைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்து போவார்கள். அந்த மறைவில் வழி கேட்டவர் மாறிவிடுவார், வேறு ஆள், வேறு சட்டை, குரலும் வேறு. வழி சொல்லிக்கொண்டிருந்த 15 பேரில் 7 பேர்தான் ஆள் மாறியதைக் கவனித்தார்கள். மற்றவர்கள் பாட்டுக்கு "அந்தப் பக்கம் போய் இடது பக்கம் திரும்புங்க" என்று தொடர்ந்திருக்கிறார்கள். நேரில் பேசிய மனுஷனே மாறுவது தெரியவில்லை என்றால், கிளாவர் ஜாக்கி இஸ்பேடு ஜாக்கி ஆனது எங்கே தெரியப்போகிறது?

ஸ்வீடனில் யோஹான்சன், ஹால் ஆகியோர் 2005இல் செய்தது இதைவிட ஒரு படி மேலே. இரண்டு பெண்களின் புகைப்படங்களைக் காட்டி யார் அழகு என்று கேட்பார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும், சீட்டு வித்தைக்காரர் பாணியில் கைமாற்றி, தேர்ந்தெடுக்காத படத்தைக் கையில் கொடுத்து "ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று கேட்பார்கள். பெரும்பாலான தடவை மாற்றம் பிடிபடவில்லை. அதுமட்டுமா, தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்கே காரணமும் சொன்னார்கள். என்னைக் கேட்டால் சீட்டு வித்தையைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

வித்தை தெரியாத நிலையில் ஒருவர் இதை எப்படிச் சோதித்திருக்கலாம்? எனக்கு விடையைவிட இந்தக் கேள்வி பிடித்திருக்கிறது.

பெரும்பாலானவர்கள் செய்வது, இன்னொரு தடவை ஆடிப்பார்ப்பது. வேறு சீட்டை நினைத்துப் பார்ப்பார்கள், கடைசி நொடியில் மனசை மாற்றிக்கொள்வார்கள், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் பக்கம் ஜெயிக்கும். ஆறில் ஒன்றைச் சும்மா ஊகித்தால் பத்துத் தடவை தொடர்ந்து சரியாக வருவதற்கு வாய்ப்பு சுமார் ஆறு கோடியில் ஒன்று. "அப்போ நிச்சயம் ஏதோ இருக்கு" என்று அவர்கள் முடிவு செய்வது ஒரு விதத்தில் நியாயமே. ஏதோ இருக்கிறதுதான். ஆனால் இப்படி எத்தனை தடவை ஆடினாலும் அது என்ன என்று தெரியாது. ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் நம் சீட்டை மட்டுமே தேடுகிறோம்.

வேறு விதமாக யோசிப்போம். கணினிக்கு நம் சீட்டு தெரியவேண்டும் என்றால் ஏதாவது ஒரு வழியாகத் தகவல் அதற்குள் போகவேண்டும். ஆம் அல்லது இல்லை என்ற பதில் வரும் கேள்வி இரண்டு கேட்டால் நான்கு சாத்தியத்தைத்தான் பிரிக்க முடியும். ஆறைப் பிரிக்க மூன்று கேள்வி தேவைப்படும். இந்தப் பக்கம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அடுத்து" என்ற பொத்தான், நீங்கள் ராஜாவை நினைத்தாலும் ராணியை நினைத்தாலும் அதே பொத்தான்தான். உள்ளே போன தகவல் பூஜ்யம். உள்ளே எதுவும் போகாவிட்டால், வெளியே வருகிற பதிலும் உங்கள் சீட்டைப் பொறுத்து மாறமுடியாது. ஆக, எல்லாருக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கவேண்டும். எல்லாருக்கும் ஒரே பதில் எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் அடுத்த நிமிஷம் விடை கையில்.

"கேமரா வழியா நம்ம கண்ணைப் பார்க்குது" என்பார் ஒருவர். கேமரா மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு ஆடலாம். "செர்வருக்குப் போய் வருது" என்றால், பக்கம் முழுக்க வந்தபிறகு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆடலாம். "பெரும்பாலானவர்கள் இந்தச் சீட்டைத்தான் எடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்" என்பது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான யோசனை. மனசில் தோன்றும் ஒரு சீட்டைச் சொல்லச் சொன்னால் இஸ்பேடு ஏஸ், ஆட்டின் ராணி இரண்டும் மற்றவற்றைவிட அதிகம் வரும் என்பது வித்தைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அப்படியென்றால் சில தடவையாவது தோற்கவேண்டும், இது தோற்பதே இல்லை. இரண்டு பேர் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து வேறு வேறு சீட்டை நினைத்தால் அந்த யோசனையும் முடிந்தது. ஒரு பக்கம் எடுக்கமுடிந்தது ஒரு சீட்டு, ஆனால் இரண்டு பேருமே "என் சீட்டு போச்சு" என்பார்கள்.

நான் இரண்டு படத்தையும் காகிதத்தில் அச்சடித்து எங்கள் சித்தப்பாவிடம் காட்டினேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவது தாளைப் பார்த்தார். "உங்க சீட்டை எடுத்தாச்சு" என்றேன். "நான் எந்தச் சீட்டையும் நெனைக்கவே இல்லையேடா, என்னத்த எடுத்துச்சு?" என்றார். இதைவிடச் சுருக்கமான சோதனை எனக்குத் தெரியாது. எதையுமே நினைக்காமல் ஆடினால், தேடுவதற்குச் சீட்டு இருக்காது, மொத்தத்தையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

இவ்வளவு சின்ன வித்தைக்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், ஓய்வூதியப் பணத்தில் ஒரு நல்ல தொகையைப் பங்குச்சந்தை "டிப்ஸ்" கொடுக்கும் ஒரு ஆளிடம் கட்டிவிட்டு நிற்கிறார். "ஆறு வாரம் தொடர்ந்து சரியாச் சொன்னான் சார். பணம் கேக்குறதுக்கு முன்னாடியே சும்மாவே சொன்னான்" என்று இன்னமும் சொல்கிறார். அவர் விஷயத்தில் என்ன நடந்தது என்று எனக்குச் சாட்சி கிடையாது. ஆனால் ஆறு வாரம் தொடர்ந்து சரியாகச் சொல்ல எந்தத் திறமையும் தேவையில்லை என்பதைக் கணக்காகக் காட்டமுடியும்.

6400 கைபேசி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 3200 பேருக்கு "இந்த வாரம் இந்தப் பங்கு ஏறும்" என்றும், மீதி 3200 பேருக்கு "இறங்கும்" என்றும் செய்தி அனுப்பவேண்டும். வாரக் கடைசியில் எது நடந்ததோ, தப்பான செய்தி போன 3200 பேரை மறந்துவிடலாம். மீதி 3200 பேரை மறுபடி பாதியாகப் பிரித்து அடுத்த வாரச் செய்தி. 1600, 800, 400, 200, ஆறாவது வாரம் முடியும்போது 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த நூறு பேரும் கண்ணால் பார்த்தது ஆறுக்கு ஆறு சரி. ஏமாற்றுகிறவன் பங்குச்சந்தை பற்றி எதுவுமே தெரியாமல் இருக்கலாம். "அடுத்த வாரத்திலிருந்து கட்டணம்" என்று இந்த நூறு பேரிடம் கேட்டால், பாதிப் பேராவது கொடுக்கமாட்டார்களா?

சீட்டு வித்தையில் மற்ற ஐந்து சீட்டை நாம் பார்க்கவில்லை. இங்கே மற்ற 6300 பேரை நம்மால் பார்க்கவே முடியாது, அதுதான் வித்தியாசம். அதனால் இங்கே சித்தப்பா சோதனை செல்லாது. பணம் வாங்கி ஆலோசனை சொல்கிறவர் செபியில் பதிவு செய்திருக்கவேண்டும், செபியின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம் என்பதைத்தான் அவரிடம் சொல்லமுடிந்தது. அவர் தேடினாரா என்று கேட்கவில்லை, கேட்கச் சங்கடமாக இருந்தது.

ஜோசியத்துக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் "உங்கள் குணநலன்" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்! வாசகங்களில் பலவற்றை ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். தகவல் உள்ளே போனமாதிரி ஒரு தேர்வு நடந்தது, ஆனால் விடை அதைப் பொறுத்து மாறவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் தாளை எட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். "இது என்னைப் பற்றி எவ்வளவு சரியாக இருக்கிறது" என்று ஒவ்வொருவரும் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பிள்ளைகளிடம் செய்து காட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசல் சீட்டுக்கட்டே போதும். 12 படச்சீட்டை எடுத்து, மேலே சொன்ன மாதிரி ஒரே நிறம், ஒரே பதவி ஜோடிகளாக அடுக்கி, ஜோடியில் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் போடுங்கள். இரண்டு பக்கத்திலும் நாலு குறியும் கலந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முழுக்க ஆட்டினும் இஸ்பேடும், மறுபக்கம் முழுக்க டைமனும் கிளாவரும் என்று ஆகிவிட்டால் பத்து வயசுப் பையன்கூடப் பிடித்துவிடுவான். செய்து காட்டியதும் விடையைச் சொல்லாதீர்கள். "நீ வேற என்ன செஞ்சு பார்த்தா கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது தடவை காட்டச் சொல்லிக் கேட்பார்கள், தாராளமாகக் காட்டலாம். மூன்றாவது தடவைக்குள் யாராவது ஒருத்தர் தன் சீட்டை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க ஆரம்பிப்பார்.

இணையத்தில் இதன் கூடவே சுற்றும் இன்னொரு வித்தையும் உண்டு, அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். ஏதாவது ஒரு இரண்டு இலக்க எண்ணை நினையுங்கள். அந்த இரண்டு இலக்கங்களையும் கூட்டி, நினைத்த எண்ணிலிருந்து கழியுங்கள். 47 என்றால், 4ம் 7ம் 11, 47இல் 11 போனால் 36. பக்கத்தில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நட்சத்திரம், பிறை, சூலம் என்று ஒரு குறி. உங்கள் விடைக்கு எதிரே இருக்கும் குறியை மனசில் நினைத்துக்கொண்டு படிகக் கோளத்தை அழுத்தினால் அதே குறி தோன்றும். இங்கேயும் உள்ளே போன தகவல் பூஜ்யம்தான். ஒரு பத்து எண்ணுக்கு இந்தக் கழித்தலைச் செய்து விடைகளை வரிசையாக எழுதுங்கள், அதற்கப்புறம் அட்டவணையில் அந்த எண்களின் எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அட்டவணையின் குறிகளை ஏன் மாற்றிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடியுங்கள்.